பொன் நிலத்தில் வடக்கைத் தேடுதல்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டி, கல்கூர்லி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பொன் வயல்கள் யில்கார்ன் கிரேட்டான் என்னும் மிகப் பழைய பாறைத் தொகுதியின் மீது அமைந்துள்ளன. கண்டங்கள் நகர்ந்தும் மோதியும் பிளந்தும் வந்த நெடுங்காலம் முழுவதும் சிதையாமல் நிலைத்துநின்ற தடித்த நிலவோட்டுப் பகுதியையே புவியியலாளர் கிரேட்டான் என்பர். யில்கார்னின் பெரும்பகுதிப் பாறைகள் 260 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடையவை. அங்கு ஒருகாலத்தில் எழுந்திருந்த மலைகளை மழையும் காற்றும் வெப்பமும் தேய்த்துத் தேய்த்து, இன்று தாழ்ந்த மேடுகளும் உப்பு ஏரிகளும் செம்மண் வெளிகளுமாக எஞ்சியுள்ள ஒரு சமநிலத்தை விட்டுச் சென்றுள்ளன. இந்த முதுமைதான் பொன் தேடுவோருக்கு வாய்ப்பாகவும் தொல்லையாகவும் அமைந்தது. பாறை தேய்ந்ததால் அதன் ஆழத்தில் இருந்த பொன் மேற்பரப்புக்கு வந்தது. அதே தேய்வினால், தொலைவிலிருந்து பார்த்து அடையாளம் கொள்ளத்தக்க சிகரமோ பள்ளத்தாக்கோ பெரும்பாலும் இல்லாமற்போனது.

இந்நிலத்தின் மீது மரங்கள் அடர்ந்து வளர்ந்துள்ளன என்பது வரைபடத்தை மட்டும் பார்ப்போருக்கு வியப்பளிக்கும். கூல்கார்டி வட்டாரத்தை உள்ளடக்கிய மாபெரும் மேற்கு வனப்பகுதி ஏறத்தாழ 1.6 கோடி ஹெக்டேர் பரப்புடையது. மித வெப்ப மண்டலத்தில் இன்று எஞ்சியுள்ள மரக்காடுகளுள் இதுவே மிகப் பெரியது. சால்மன் கம், கிம்லெட் முதலான யூகலிப்டஸ் இனங்கள் தெற்கே நிறைந்திருக்க, வடக்கே செல்லச் செல்ல முல்கா எனப்படும் அகேசியா வகைக் குறுமரங்கள் நிலத்தை மூடுகின்றன. ஆஸ்திரேலியர் ‘புஷ்’ என்று அழைக்கும் இத்தகைய காட்டில் ஒரு மரத்துக்கும் மற்றொரு மரத்துக்கும் வேறுபாடு காண்பது அரிது. தரை ஏறுவதும் இறங்குவதும் காலுக்குத் தெரியாத அளவுக்கு மெல்ல நிகழ்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுச் சில நூறு மீட்டர் நடந்தவர் திரும்பிப் பார்க்கும்போது, தாம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதைக் காட்டும் எதுவும் கண்ணுக்குப் படுவதில்லை.

இத்தகைய இடத்தில் வழி தவறுவது கவனக்குறைவின் விளைவு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால், பொன் தேடுதல் என்னும் செயலின் அமைப்பையே ஆராய்ந்தால், மனித உடல் திசையைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தும் வழிகள் ஒவ்வொன்றையும் அது வரிசையாக முடக்குகிறது என்பது புலப்படும். அதனால், அங்கே திசையறிதல் தேடலோடு சேர்த்துச் செய்யப்பட வேண்டிய தனி வேலையாகிறது.

உயிரினங்கள் அடையாளங்கள் இல்லாத வெளியிலும் வீடு திரும்பும் முறைகளுள் அடிப்படையானது பாதைத் தொகுப்பு எனப்படும். எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு நகர்ந்தோம் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டிக்கொண்டே வந்து, புறப்பட்ட இடம் இப்போது எங்கே இருக்கிறது என்பதை இடைவிடாமல் கணித்துக்கொள்வதே அது. சகாரா பாலைவனத்தில் வாழும் கேட்டகிளிஃபிஸ் என்னும் எறும்பு இதில் தேர்ந்தது. இரை தேடி வளைந்து வளைந்து நூறு மீட்டருக்கு மேல் சென்றாலும், இரை கிடைத்தவுடன் புற்றை நோக்கி நேர்கோட்டில் திரும்புகிறது. சுவிட்சர்லாந்து அறிஞர் ரூடிகர் வேனரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, இந்த எறும்பு வானொளியின் முனைவாக்கத்தைக் கொண்டு திசையை அறிகிறது என்று காட்டினர். தொலைவை அது எப்படி அளக்கிறது என்ற கேள்விக்கு 2006இல் மத்தியாஸ் விட்லிங்கரும் பிறரும் விடை கண்டனர்: இரையிடத்தை அடைந்த எறும்புகளின் கால்களில் நுண்ணிய பொய்க்கால்களை ஒட்டியபோது அவை திரும்பும் வழியில் புற்றைத் தாண்டிச் சென்று தேடின, கால்களைக் குட்டையாக்கியபோது புற்றுக்கு முன்பே நின்று தேடின. எறும்பு தன் அடிகளையே அளவுகோலாகக் கொள்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. நடு ஆஸ்திரேலியாவின் செம்மண்ணில் வாழும் மெலோஃபோரஸ் பகோட்டி என்னும் எறும்பும் இதே கலையை அறிந்தது.

மனித மூளையிலும் இதற்கான உறுப்பமைவு உண்டு. ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருக்கும்போது மட்டும் தூண்டப்படும் இட உயிரணுக்களை ஜான் ஓ’கீஃப் 1971இல் எலிகளிடம் கண்டறிந்தார். அதற்கு அண்மைப் பகுதியில், பரப்பைக் கட்டங்களாகப் பகுத்து அளப்பதுபோல் செயல்படும் உயிரணுக்களை மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005இல் விளக்கினர். இம்மூவரும் 2014இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தலை எந்தப் பக்கம் நோக்கியுள்ளது என்பதைக் குறிக்கும் தனி உயிரணுக்களும் உள்ளன. ஆயினும் இந்த அமைப்பு தன்னிறைவு உடையதன்று. ஒவ்வொரு திருப்பத்திலும் நேரும் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒரு நிலையான பொருளைக் கொண்டு அவ்வப்போது திருத்திக்கொள்ளாவிட்டால் கணக்கு விரைவில் பிசகுகிறது.

இப்பிசகு எவ்வளவு பெரியது என்பதை ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சோமனும் பிறரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவர்கள் சிலரை ஜெர்மனியின் அடர்ந்த காடொன்றிலும் வேறு சிலரைத் துனீசியாவின் பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொல்லி, அவர்கள் சென்ற தடத்தைச் செயற்கைக்கோள் வழியே பதிவு செய்தனர். சூரியன் தெரிந்த நாள்களில் நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகச் சென்றனர். மேகம் மூடிய நாளில் காட்டில் நடந்த நால்வரும் வட்டமடித்தனர். அவர்களுள் மூவர் தாம் முன்பு நடந்த தடத்தையே மீண்டும் கடந்தும் அதனை உணரவில்லை. கண்ணைக் கட்டி நடக்கவிட்டபோது வட்டத்தின் விட்டம் 20 மீட்டர் அளவுக்கும் சுருங்கியது. ஒரு கால் மற்றதைவிட நீளமாக இருப்பதால் மனிதர் வட்டமடிக்கின்றனர் என்ற பழைய விளக்கம் பொருந்தவில்லை. ஒரே ஆள் ஒருமுறை இடப்புறமும் மறுமுறை வலப்புறமும் வளைந்தார். ‘நேர் முன்னே’ என்று மூளை கருதும் திசையே, வெளியுலகச் சான்று இல்லாதபோது, சிறிது சிறிதாக நழுவுகிறது என்பதே ஆய்வாளர் கொண்ட முடிவு.

இனி, பொன் தேடுபவரின் நடையை இவ்வறிவின் துணையோடு நோக்கலாம். இன்று பெரும்பாலோர் மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோக உணர்கருவியைத் தரைக்கு ஓரிரு விரற்கடை உயரத்தில் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கின்றனர். கண் தரையை நோக்கியுள்ளது. ஆதலால் சூரியனும் தொலைமரங்களும் பார்வைக்கு வருவதில்லை. காதில் செவிப்பொறி பொருத்தப்பட்டிருப்பதால் நெடுஞ்சாலை வண்டியின் ஓசையோ தோழரின் அழைப்போ கேட்பதில்லை. கவனம் முழுவதும் ஒலியின் மிக நுண்ணிய ஏற்ற இறக்கத்தில் குவிந்திருப்பதால், அடிகளை எண்ணுவதற்கு மனத்தில் இடமில்லை. ஓசை வந்த பக்கமெல்லாம் உடல் திரும்புகிறது. தோண்டுவதற்குக் குனிந்து, குழியைச் சுற்றி வந்து, மண்ணைச் சலித்து, மீண்டும் எழுகையில் முன்பு நோக்கிய திசை மறைந்துவிடுகிறது. பொன் கிடைத்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒரு கட்டி கிடைத்த மகிழ்ச்சியில் அதன் அண்டையிலேயே வட்டமிட்டுத் தேடும் ஒரு மணி நேரத்தில், சோமனின் சோதனையில் கண் கட்டப்பட்டவருக்குப் போலவே மிகக் குறைந்த திசைத் தகவலே மூளைக்குக் கிடைக்கிறது.

இந்நிலை மனித இயல்பின் மாற்றவொண்ணாத எல்லையா என்பதற்கு ஆஸ்திரேலியாவிலேயே விடை உண்டு. வடக்கு குயின்ஸ்லாந்தில் பாமர் ஆற்றுப் பொன்வேட்டைக்குத் துறைமுகமாக 1873இல் எழுந்த குக்டவுன் என்னும் ஊர், கூகு யிமிதிர் மொழி பேசும் தொல்குடி மக்களின் நிலத்தில் அமைந்தது. இம்மொழியினர் பொருள்களின் இருப்பைச் சொல்லும்போது இடம், வலம், முன், பின் என்று தம் உடலை வைத்துக் கூறாமல், வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்றே கூறுவர். மேசையின் மீதுள்ள கோப்பையைக்கூடச் சற்று வடக்கே நகர்த்தச் சொல்லும் மொழியில் வளர்ந்தவர், விழித்திருக்கும் நேரமெல்லாம் திசையைக் கணித்துக்கொண்டே இருக்கிறார். ஜான் ஹேவிலண்டும் ஸ்டீபன் லெவின்சனும் செய்த ஆய்வுகள், இம்மக்கள் அறிமுகமில்லாத காட்டுக்குள்ளும் தொலைவிலுள்ள ஊர்களைப் பெருமளவு சரியாகச் சுட்டிக்காட்ட வல்லவர்கள் என்று நிறுவின. தமிழ்நாட்டில் எரிக் பெடர்சன் நடத்திய ஆய்வும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது: சிற்றூர்த் தமிழர் வடக்கு தெற்கு என்றும், நகரத் தமிழர் இடம் வலம் என்றும் பேசும் போக்கு உடையவர்களாக இருப்பதை அவர் பதிவு செய்தார். திசையுணர்வு என்பது பிறவிக் கொடையைக் காட்டிலும் இடைவிடாத பயிற்சியின் பயனே என்று கொள்ள இவை இடம் தருகின்றன. பொன் தேடுபவர் செய்ய வேண்டியதும், தானாக நிகழாத அந்தக் கணிப்பைக் கருவிகளின் துணையால் வேண்டுமென்றே நிகழச் செய்வதுதான்.

கருவிகளுள் முதலாவது சூரியன். கல்கூர்லி தென் அட்சக்கோடு ஏறத்தாழ 31 பாகையில் உள்ளதால், அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே விழுகிறது. வடக்கு நோக்கி நின்றால் சூரியன் வலமிருந்து இடமாகச் செல்லும். சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரையிலான நாள்கள் தவிர மற்றக் காலமெல்லாம் நண்பகல் நிழல் வடக்கே விழுவதைக் கண்டு பழகியவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். அவர் அங்கு தம் பழக்கத்தை நம்பினால் நேர் எதிர்த் திசையில் நடப்பார்.

சூரியனைக் கொண்டு திசை காண்பதற்குக் கைக்கடிகார முறை பல நூல்களில் கூறப்படுகிறது. தென் அரைக்கோளத்தில், கடிகாரத்தின் 12 என்னும் எண்ணைச் சூரியனை நோக்கிப் பிடித்து, அந்த எண்ணுக்கும் மணிமுள்ளுக்கும் நடுவே செல்லும் கோட்டை வடக்கு என்று கொள்ள வேண்டும். சூரியன் மணிக்கு 15 பாகை வீதம் தொடுவானத்தின் மீது சீராக நகர்கிறது என்பதே இம்முறையின் அடிப்படை. அந்த அடிப்படை குளிர்காலத்தில் ஏறக்குறையச் சரி, கோடையில் பெரும் பிழை. ஜூன் மாத இறுதியில் கல்கூர்லியின் நண்பகல் சூரியன் 36 பாகை உயரத்திலேயே நிற்பதால், சூரிய நேரம் பகல் 1 மணிக்கு அது வடக்கிலிருந்து 17 பாகை மேற்கே காணப்படும். கடிகாரம் சொல்வது 15. டிசம்பர் இறுதியிலோ நண்பகல் சூரியன் 83 பாகை உயரத்தில், ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. அப்போது அது உச்சியை மிக வேகமாகக் கடப்பதால், காலை 11 மணிக்கு வடக்கிலிருந்து 65 பாகை கிழக்கே இருந்த சூரியன் பகல் 1 மணிக்கு 65 பாகை மேற்கே சென்றுவிடுகிறது. இரண்டு மணி நேரத்தில் 130 பாகை. கடிகார முறையை நம்புபவர் அந்நேரத்தில் 50 பாகை தவறுவார். ஒரு மீட்டர் கோலை நட்டு நிழல் பார்ப்பதும் கடினமே: நண்பகல் நிழல் 13 சென்டிமீட்டர்தான் இருக்கும். பொன் தேடுவோர் பெரும்பாலும் வெயில் தணிந்த மாதங்களையே தேர்ந்தெடுப்பது உடல் நலத்துக்காக என்றாலும், திசையறிதலுக்கும் அதுவே ஏற்ற பருவம்.

இரவில் தென்சிலுவை என்னும் விண்மீன் கூட்டம் உதவுகிறது. தென் வானத்தில் துருவ மீன் என்று சொல்லத்தக்க ஒளியுள்ள விண்மீன் இல்லை. ஆதலால் சிலுவையின் நீண்ட அச்சை அதன் அடிப்பக்கமாக நான்கரை மடங்கு நீட்டி, அப்புள்ளியிலிருந்து தொடுவானத்துக்குச் செங்குத்தாக இறங்கினால் தெற்கு கிடைக்கும். அருகிலுள்ள போலிச் சிலுவையோடு மயங்காமலிருக்க, உண்மைச் சிலுவைக்குப் பக்கத்தில் சுட்டிகளாக அமைந்த ஆல்ஃபா சென்டாரி, பீட்டா சென்டாரி என்னும் இரு ஒளிமீன்களைத் தேட வேண்டும். அக்டோபர், நவம்பர் மாத மாலைகளில் சிலுவை தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்து மரங்களுக்குப் பின்னே மறைந்துவிடும் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. யில்கார்ன் பகுதியில் 1888இல் பொன் கண்டறியப்பட்ட இடத்தில் எழுந்த ஊருக்குச் சதர்ன் கிராஸ் என்றே பெயரிடப்பட்டது. அதன் தெருக்களும் விண்மீன்களின் பெயர்களைத் தாங்கியுள்ளன. ஆனால் திசை தெரிந்தாலும் இருட்டில் நடப்பது அறிவுடைமையன்று. குறிப்பாக விக்டோரியா மாநிலத்தின் பழைய பொன் வயல்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோண்டிக் கைவிடப்பட்ட செங்குத்துச் சுரங்கக் குழிகள் மூடப்படாமல் புதர்களுக்கிடையே இன்றும் உள்ளன.

காந்தத் திசைகாட்டி மேகத்தாலும் இருளாலும் பாதிக்கப்படாதது. ஆயினும் பொன் நிலத்தில் அது எளிதில் ஏமாற்றக்கூடிய கருவியாகிவிடுகிறது. அதற்கான காரணம் பொன் தோன்றிய விதத்தோடே பிணைந்துள்ளது. நில அளவையாளர் ராபர்ட் ஆஸ்டின் 1854இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் பயணம் செய்தபோது, ஒரு குன்றின் அருகே தம் திசைகாட்டியின் ஊசி நிலைதடுமாறக் கண்டு, அதற்கு மேக்னட் என்னும் காந்தப் பெயரையே வைத்தார். 1891இல் அவ்விடத்தில் பொன் கிடைத்தது. இன்று மவுன்ட் மேக்னட் என வழங்கும் அவ்வூரின் ஹில் 50 என்னும் புகழ்பெற்ற சுரங்கத்தில் பொன் இருந்தது பட்டை இரும்புப் பாறையில்தான். சிலிக்காவும் இரும்பு ஆக்சைடும் மாறி மாறிப் படிந்து உருவான இப்பாறையில், மாக்னடைட் என்னும் வலிய காந்தத் தாது மிகுதி. பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த வெந்நீர்க் கரைசல்கள் பொன்னைக் கந்தகத்தோடு சேர்ந்த சேர்மமாகக் கரைத்துக் கொண்டுவந்தன. அவை இரும்பு மிகுந்த பாறையைத் தொட்டபோது கந்தகம் இரும்போடு இணைந்து பைரைட்டாக மாற, துணையை இழந்த பொன் அங்கேயே படிந்தது. பொன்னைப் பிடித்துவைத்த இரும்பே ஊசியையும் இழுக்கிறது. எனவே, தேடுவதற்கு நல்ல இடம் சிலவேளை திசைகாட்டியை நம்பத் தகாத இடமாகவும் அமைகிறது. வானூர்தியிலிருந்து நிலத்தின் காந்தப்புலத்தை அளந்து வெளியிடப்படும் வரைபடங்களைப் புவியியலாளர் இத்தகைய பாறைகளைக் கண்டுபிடிக்கவே பயன்படுத்துகின்றனர். வழிகாண்போருக்கு அதே வரைபடம் ஊசி எங்கே பிசகும் என்பதை முன்கூட்டியே எச்சரிக்கும் பயன்பாடும் உடையது. இந்த இரண்டாம் பயன் போதிய அளவு அறியப்படாதது வருந்தத்தக்கது.

ஊசி உள்ளூர் ஈர்ப்புக்கு ஆட்பட்டுள்ளதா என்று சோதிக்க நில அளவையாளரின் எளிய முறை ஒன்று உண்டு. ஓரிடத்திலிருந்து தொலைவிலுள்ள ஒரு மரத்தின் திசைக்கோணத்தைக் குறித்துக்கொண்டு, அம்மரத்தடிக்குச் சென்று புறப்பட்ட இடத்தின் திசைக்கோணத்தை அளக்க வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு 180 பாகையாக இல்லாவிட்டால் ஏதோ ஓரிடத்தில் இரும்பு குறுக்கிடுகிறது. அந்த இரும்பு பாறையிலேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. தோண்டிய மண்ணிலுள்ள ஆணித் துண்டுகளையும் இரும்புக் குப்பைகளையும் விலக்குவதற்காகப் பொன் தேடுவோர் தம் கொத்தியின் தலையில் வலிய காந்தத்தை ஒட்டிவைப்பது வழக்கம்; இடுப்பில் தொங்கும் அக்கொத்தியோடு திசைகாட்டியைப் பார்ப்பவருக்கு ஊசி காட்டுவது கொத்தியைத்தான். உணர்கருவி, செவிப்பொறி, வண்டியின் முன் இரும்புச் சட்டம் ஆகியவற்றிலிருந்தும் சில அடிகள் விலகி நின்றே அளக்க வேண்டும். கைப்பேசியின் திசைகாட்டியும் காந்தப்புலத்தையே உணர்வதால் அதற்கும் இவ்விதி பொருந்தும்.

பாறையே இல்லாத இடத்திலும் ஊசி காட்டும் வடக்கு, புவியின் சுழற்சி அச்சு குறிக்கும் உண்மை வடக்காக இருப்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் காந்த ஒதுக்கம் எனப்படும். கல்கூர்லி வட்டாரத்தில் அது சுழியத்தை ஒட்டியிருப்பதால் அங்குள்ளோர் அதனைப் பொருட்படுத்தத் தேவையில்லை. அங்கே பழகிய ஒருவர், 1869இல் வெல்கம் ஸ்ட்ரேஞ்சர் என்னும் மாபெரும் பொற்கட்டி கிடைத்த மோலியாகல் போன்ற விக்டோரியா ஊர்களுக்குச் சென்றால், ஊசி உண்மை வடக்கிலிருந்து சுமார் 11 பாகை கிழக்கே விலகி நிற்கும். வரைபடத்தில் அளந்த கோணத்தை அப்படியே ஊசியில் வைத்து நடந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 200 மீட்டர் அளவில் தவறுவார். வட அரைக்கோளத்துக்கெனச் செய்யப்பட்ட திசைகாட்டிகளுக்கு வேறு ஒரு குறை உண்டு. தென் ஆஸ்திரேலிய அட்சக்கோடுகளில் புவிக்காந்தப்புலம் கிடைத்தளத்துக்கு 60 பாகைக்கும் மேல் சாய்ந்திருப்பதால், ஊசியின் தென்முனை கீழ்நோக்கி இழுக்கப்பட்டு உறையில் உரசி நின்றுவிடும். ஊசியை அவ்வட்டாரத்துக்கு ஏற்பச் சமன்செய்து விற்கும் கருவியையே வாங்க வேண்டும்.

திசை தெரிவதும் இருக்குமிடம் தெரிவதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டின் விலையை லாசெட்டரின் பொன்பாறை பற்றிய வரலாறு போல் வேறெதுவும் காட்டாது. ஹரோல்டு பெல் லாசெட்டர் என்பவர், நடு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் மிக வளமான பொன் பாறையொன்றைத் தம் இளமையில் கண்டதாகக் கூறினார்; பிற்பாடு ஒரு நில அளவையாளருடன் அங்கே மீண்டும் சென்று இடத்தைக் கணித்ததாகவும், ஆனால் தங்கள் கைக்கடிகாரங்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பிசகியிருந்தமையால் அக்கணிப்பு வீணாயிற்று என்றும் அவர் கதை சொல்லிற்று. தீர்க்கக்கோடு என்பது நேரத்தின் மறுவடிவம்: பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்வதால், கடிகாரத்தில் 4 நிமிடப் பிழை தீர்க்கக்கோட்டில் ஒரு பாகைப் பிழையாகும், அவ்வட்டாரத்தில் அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஒரு மணி நேரப் பிழை என்றால் 1,500 கிலோமீட்டர். அத்தகைய கணிப்பிலிருந்து எவரும் எவ்விடத்தையும் மீட்டெடுக்க இயலாது. ஆயினும் 1930இல் வானூர்தியும் மோட்டார் வண்டிகளும் கொண்ட ஒரு பயணக்குழு ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து அவரோடு புறப்பட்டது. குழுவிலிருந்து பிரிந்து சென்ற லாசெட்டர் 1931இன் தொடக்கத்தில் பீட்டர்மன் மலைத்தொடர்ப் பகுதியில் உணவின்றி மாண்டார். பாறை இன்றுவரை கிடைக்கவில்லை.

அவருக்குக் கிடைக்காத துல்லியமான கடிகாரம்தான் இன்று ஜி.பி.எஸ். என்னும் பெயரில் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தம் அணுக்கடிகார நேரத்தை ஒலிபரப்ப, நான்கு கோள்களிலிருந்தாவது வரும் குறிப்புகளின் காலத்தாழ்வை ஒப்பிட்டுக் கருவி தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான குறிப்பில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கியபின், நூறு மீட்டர் அளவிலிருந்த ஐயம் சில மீட்டராகக் குறைந்தது. கைப்பேசிக் கோபுரம் இல்லாத இடத்திலும் இக்கணிப்பு நடைபெறும். வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருக்க வேண்டும்.

இங்கும் ஒரு நுட்பமான தவறு காத்திருக்கிறது. ஆயத்தொலைவு எண்கள், பூமியின் வடிவத்தையும் நடுப்புள்ளியையும் எவ்வாறு கொள்கிறோம் என்னும் ஆதார அமைப்பைப் பொறுத்தவை. ஆஸ்திரேலியாவில் 1966ஆம் ஆண்டின் பழைய அமைப்பிலிருந்து ஜி.டி.ஏ. 94 என்னும் அமைப்புக்கு மாறியபோது அதே எண்கள் குறிக்கும் இடம் சுமார் 200 மீட்டர் நகர்ந்தது. பழைய புவியியல் வரைபடத்திலிருந்து ஒரு கைவிடப்பட்ட சுரங்கத்தின் எண்களை எடுத்து இன்றைய கருவியில் இடுபவர், அடர்ந்த முல்காக் காட்டில் 200 மீட்டர் தள்ளி நின்று வெறுந்தரையைப் பார்ப்பார். கண்டமே ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்வதால், 2020ஆம் ஆண்டுக்கான அமைப்பு முந்தையதிலிருந்து 1.8 மீட்டர் வேறுபடுகிறது. இது வழிகாண்போருக்குச் சிறிது, எல்லை வகுப்போருக்குப் பெரிது. எல்லை என்பதும் வெறும் ஏட்டுச் செய்தியன்று: மைனர்ஸ் ரைட் என்னும் உரிமச் சீட்டு வைத்திருப்பவர் அரசு நிலத்தில் தேடலாம் என்றாலும், பிறர் பெயரில் பதிவான சுரங்கக் குத்தகைக்குள் இசைவின்றி நுழைந்தால் குற்றமாகும். காட்டில் வேலி இல்லை, எண்கள்தாம் வேலி.

மின்கலம் தீர்ந்தால் நின்றுவிடும் கருவியை மட்டும் நம்பாதவர்கள், நிலத்தையே கருவியாக்கிக்கொள்ளும் பழைய முறைகளைக் கைவிடுவதில்லை. வடக்கு தெற்காகச் செல்லும் ஒரு வண்டித்தடத்தில் முகாமிட்டு அதன் கிழக்கே மட்டும் தேடுபவருக்கு, எங்கே நின்றாலும் மேற்கே நடந்தால் தடம் குறுக்கிடும் என்னும் உறுதி உண்டு; இத்தகைய நீண்ட கோடு அடிக்கோடு எனப்படும். 1903இல் முடிந்த, முண்டாரிங்கிலிருந்து கல்கூர்லி வரை 530 கிலோமீட்டர் நீளும் தண்ணீர்க் குழாயும் ஒருவகையில் அத்தகைய கோடே. ஆனால் தடத்தை அடைந்தபின் முகாம் வடக்கே உள்ளதா தெற்கே உள்ளதா என்ற ஐயம் எழும். மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்து 5 பாகைப் பிழையோடு திரும்புபவர் 260 மீட்டர் விலகித் தடத்தை அடைவார். எந்தப் பக்கம் விலகினார் என்பது அவருக்குத் தெரியாது. எனவே முகாமை நேராகக் குறிவைக்காமல், வேண்டுமென்றே 10 பாகை வடக்கே குறிவைத்து நடந்தால், தடத்தை அடைந்தவுடன் தயக்கமின்றித் தெற்கே திரும்பலாம். பிழையை ஒழிக்க முயலாமல் அதனைத் தெரிந்த பக்கத்துக்குத் தள்ளிவைக்கும் இம்முறை, திசையறிதல் கலையில் மிக அழகான சிந்தனைகளுள் ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொன்வேட்டையில் இவை எல்லாவற்றுக்கும் மேலாக நின்றது தண்ணீர். 1892 செப்டம்பரில் ஆர்தர் பெய்லி 554 அவுன்ஸ் பொன்னோடு சதர்ன் கிராஸ் திரும்பியபோது தொடங்கிய கூல்கார்டி ஓட்டமும், மறு ஆண்டு பேடி ஹானனும் இரு தோழர்களும் பொன் கண்ட கல்கூர்லிக்கான ஓட்டமும், நேர்கோட்டில் செல்லாமல் ஒரு நீர்நிலையிலிருந்து அடுத்ததற்கு வளைந்து சென்றன. கருங்கல் பாறைகளின் மேல் மழைநீர் தங்கும் நம்மா என்னும் குழிகளும் பாறையடி ஊற்றுகளும் எங்கே உள்ளன என்பதைத் தொல்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடல்வழி மரபாகக் காத்துவந்தனர். வந்தேறிய தேடுநர் அந்த அறிவைக் கேட்டுப் பெற்றதும் உண்டு, கொடுமையால் பறித்ததும் உண்டு. 1896-97இல் பாலைவனத்தைக் கடந்த டேவிட் கார்னகி, தொல்குடியினரைப் பிடித்துக் கட்டிவைத்து நீர்நிலையைக் காட்டச் செய்ததைத் தம் நூலிலேயே எழுதியுள்ளார். மேற்கு ஆஸ்திரேலிய வரைபடத்திலுள்ள பல நீர்நிலைப் பெயர்களுக்குப் பின்னால் இந்த வன்முறை இருக்கிறது என்பதை வழிகாணும் கலையின் வரலாறு மறைக்கக்கூடாது.

இவ்வளவு கருவிகளும் முறைகளும் இருந்தும் வழி தவறியவர் முதலில் செய்ய வேண்டியது நடப்பதை நிறுத்துவதே. வண்டியருகே இருப்பவர் அங்கேயே இருக்க வேண்டும். வானிலிருந்து தேடுவோருக்கு மனிதரைவிட வண்டி எளிதில் தென்படும். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயல்படும் கையடக்க அபாய அறிவிப்புக் கருவிகள் காஸ்பஸ்-சார்சட் செயற்கைக்கோள்கள் வழியே மீட்பு மையத்துக்குச் செய்தி அனுப்புகின்றன, பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவிகளின் குறிப்பைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி முதல் கேட்பதில்லை. பழைய கருவியைப் பையில் வைத்துக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக எண்ணுவது ஆபத்து.

தேடலை ஒழுங்குபடுத்துவது திசையையும் காக்கும் என்பதே அனுபவமிக்க தேடுநர் கண்ட உண்மை. அவர்கள் இடுப்பில் ஒரு சங்கிலியைக் கட்டி இழுத்துக்கொண்டு இணைகோடுகளாக நடப்பர். மண்ணில் விழும் கோடு எந்தப் பட்டை தேடப்பட்டது, எது விடுபட்டது என்பதைக் காட்டுவதோடு, திரும்பும் வழியையும் காட்டுகிறது. இதனினும் நுட்பமானது, உணர்கருவி தோன்றுவதற்கு வெகு முன்பே கையாளப்பட்ட லோமிங் என்னும் மண்தேர்வு முறை. மூலப்பாறையிலிருந்து உதிர்ந்த பொன்துகள்கள் நூற்றாண்டுகளாகச் சரிவில் கீழிறங்கி விசிறிபோல் பரவுகின்றன. தேடுநர் சரிவின் அடியில் குறுக்காக வரிசையாக மண்ணெடுத்துத் தட்டில் அலசி, ஒவ்வொன்றிலும் எஞ்சும் துகள்களை எண்ணி, இடத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்கிறார். பின்பு சற்று மேலே அடுத்த வரிசை. விசிறி குறுகும், எண்ணிக்கை கூடும். பொன் இல்லாத தட்டின் இடத்தையும் அதே கவனத்தோடு குறிக்க வேண்டும், ஏனெனில் விசிறியின் ஓரங்களை வகுப்பவை அவையே. மேலேறிக்கொண்டே செல்கையில் ஒரு வரிசையில் துகள்கள் நிறைந்தும் அடுத்த வரிசையில் ஒன்றுமில்லாமலும் போனால், பொன்பாறை அவ்விரு வரிசைகளுக்கும் இடையே மண்ணுக்கடியில் உள்ளது என்று பொருள். அப்போது கொத்தியை எங்கே இறக்குவது என்பது, முந்தைய மாலை குறிப்பேட்டில் எழுதிய திசைக்கோணமும் அடிக்கணக்கும் சரியாக இருந்தனவா என்பதைப் பொறுத்தது.